ஏழாம் நம்பர் மலையில் இரண்டு தட்டு

லூர்து அத்தை ஒரு றப்பர் மரத்தின் முன்னால் நின்றால் முதலில் கத்தியை எடுக்கமாட்டார். இடது கை நடுவிரலைத்தான் கொண்டுபோவார். முந்தாநாள் வெட்டிய கோட்டின் மேல் பால் காய்ந்து நூல்போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல்நுனியை நகத்தால் நெம்பி, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கோட்டின் சரிவோடு கீழ்வரைக்கும் இழுப்பார். அறுந்துவிடாமல் வரவேண்டும். வந்த நூலை உருட்டி இடுப்பில் கட்டியிருக்கும் சின்னச் சாக்குப்பைக்குள் போடுவார். பிறகு பால் சேரும் தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, உள்ளே கட்டைவிரலை ஒருமுறை சுற்றித் துடைத்து, திரும்பக் கம்பியில் வைப்பார். அதற்குப் பிறகுதான் கத்தி. நாலைந்து சின்ன இழுப்பு. பட்டை சுருண்டு காலடியில் விழும். வெள்ளைப் பால் கோடு வழியாக இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும்போது அவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார்.

ஒரு நெரை முடிந்தால் இன்னொன்று செய்வார். மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் மரங்களைத்தான் நெரை என்கிறோம். அந்த வரிசையின் கடைசி மரத்தடியில், பட்டை தடித்துக் கருத்துப்போன இடத்தில், கத்தியின் மரப்பிடியால் இரண்டு தட்டு. டொக், டொக். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பக்கத்திலிருக்கும் எட்டாம் நம்பர் மலையிலிருந்து ஒரு சத்தமும் வராது. அடுத்த நெரைக்கு நடப்பார்.

ஆறு வருஷம் இப்படியே தட்டிக்கொண்டிருந்தார்.

நான் தோட்டத்துப் பால் ஸ்டோரில் பால் அளக்கிறவன். ஸ்டோருக்குப் போகும் குறுக்குப்பாதை ஏழாம் நம்பர் மலை நடுவால்தான் போகிறது. அதனால் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஏன் தட்டுகிறீர்கள் என்று நானாகக் கேட்டதில்லை. செல்வநாயகம் கங்காணிதான் ஒருநாள் சொன்னார். பால் வெட்டுகிறவர்கள் ஆளுக்கொரு மலையில் தனியாக நிற்பார்கள். பாம்பு கடித்தாலும் சறுக்கி விழுந்தாலும் பக்கத்து மலைக்குத் தெரியாது. முன்பு ஒருத்தர் காலை ஏழு மணிக்கு விழுந்து, பால் சேர்க்கிற நேரம் வரைக்கும் யாரும் தேடாமல் கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் வந்ததாம். நெரை முடிந்தால் இரண்டு தட்டு: நான் இருக்கிறேன். அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு: நானும் இருக்கிறேன்.

எட்டாம் நம்பரில் வெட்டிய மருதாயி, பிள்ளைகளோடு வத்தளைக்குப் போய்விட்டார். அவரைப்போல ஒவ்வொருவராகப் போனார்கள். கீழ் டிவிஷனில் பதினான்கு மலை வெட்டிய இடத்தில் ஆறுக்குத்தான் ஆள் மிஞ்சியது. மற்றவற்றில் காடு ஏறிவிட்டது. புளத்கொகுபிட்டிய பஸாருக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் எது மலை எது காடு என்று எங்களுக்கே பிடிபடாது. லூர்து அத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

"லூர்தக்கா பேய்க்குத் தட்டுது" என்பான் சதீஸ்.

"பேய்க்காச்சும் காது கேக்கும். ஒனக்குக் காலையில கொம்பு ஊதினாலும் கேக்காது" என்பார் அத்தை.

இரண்டாயிரத்து இருபத்து நாலாம் வருஷம் மாசி மாதம் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். பால் வெட்ட ஆள் இல்லை என்று கம்பனி இந்தியாவிலிருந்து இரண்டு வருஷக் காண்ட்ராக்டில் கூட்டிக்கொண்டு வருகிறது என்று ஒரு மாதமாகவே பேச்சு. எங்களுக்கு இந்தியா என்றால் திருச்சி, புதுக்கோட்டைதான். தமிழில் பேசுவார்கள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டோம். செல்வநாயகம் கங்காணி சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேன் வரும்வரை ரோட்டில் நின்றார். முதலில் இறங்கியவரின் கையைப் பிடித்து, "எந்த ஊருப்பா நீங்க? பெரம்பலூர்ப் பக்கமா?" என்றார். அவர் சிரித்தார். பின்னால் இறங்கிய ஏழு பேரும் சிரித்தார்கள். திரிபுராவாம். அப்படி ஓர் ஊர் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கங்காணி வெள்ளைச் சட்டையோடு எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குத் திரும்பி நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

முன்பு வேலைக்காரர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, மூடிக்கிடந்த பிள்ளைக்காம்பராவைக் கழுவி அவர்களை அதில் தங்கவைத்தார்கள். அந்த வாரமே பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பேச்சு மாறிவிட்டது.

"ஞாயித்துக்கிழமையும் வெட்டுவானுங்களாம்" என்றான் சதீஸ். அவன் தோட்டத்து வேலையாட்களின் பதிவான செக்ரோலில் பேர் இல்லாதவன். வாரநாளில் பஸாரில் மேசனுக்குக் கையாள்; ஞாயிறும், பௌர்ணமி லீவான போயாவும் தோட்டத்தில் கைக்காசுக்குப் பால் வெட்டுவான். "நம்ம கைக்காசுல மண்ணு விழுந்திருச்சு."

"நீ மாசத்துல ரெண்டு ஞாயிறு வர்ற. அதுலயும் பாதி மரத்தை விட்டுட்டு ஓடுற. ஒனக்கு விழுற மண்ணு ஒரு சிரட்டைக்குக் காணாது" என்றார் கங்காணி.

"இன்னிக்கு எனக்கு, நாளைக்கு ஒங்களுக்கு. பாத்துக்கிட்டே இருங்க."

பஸாரில் சாமான் வாங்கப் போனபோது கடைக்காரரிடம் யாரோ இதைச் சொல்லிக் குறைப்பட்டார்கள். அவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டே, "ஒயாலத் எஹென் ஆப்பு அயனே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நீங்களும் அங்கேயிருந்து வந்தவங்கதானே என்று. வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்தோம்.

எட்டாம் நம்பர் மலை ஒருத்தனுக்குக் கிடைத்தது. நாற்பது வயதிருக்கும். குள்ளம், நல்ல உறுதியான கால்கள். பத்து நாளில் காட்டை வெட்டி, மரங்களுக்கு வழி எடுத்து, சிரட்டை கட்டினான். பதினோராம் நாள் காலை நான் குறுக்குப்பாதையில் வந்துகொண்டிருந்தேன். அத்தை ஒரு நெரையை முடித்துத் தட்டினார். டொக், டொக். வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார்.

பக்கத்து மலையிலிருந்து டொக், டொக்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டிச்சா?"

"கேட்டிச்சு அத்தை."

"மரங்கொத்தியா இருக்குமோ?"

"ரெண்டே தட்டு அத்தை."

அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு அவனோடு பேசக்கூடியவர்கள் அப்போது லயத்தில் யாரும் இல்லை. அத்தை சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தார். "சரி, மலையில ஆள் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நெரைக்கு இறங்கினார். அன்றைக்கு அவர் நடை கொஞ்சம் வேகமாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

நாலு மாதம் அப்படிப் போனது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் காலையில் ஆளுக்கு இருபது தரம் தட்டிக்கொண்டார்கள்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை. காலைப் பெரட்டில் ஆள் கூப்பிட்டு வேலை பிரித்து முடிந்ததும் ஃபீல்ட் ஓபிசர் மஹத்தயா அத்தையைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எல்லோருக்கும் கேட்டது.

"லூர்தம்மா, ரெண்டு மாசமா பால் மதி, காணாது."

"மழைதானே மஹத்தயா."

"மழை எல்லா மலைக்கும்தானே பெய்யுது. இந்த மாசமும் கொறைஞ்சா ஏழாம் நம்பர் அந்த ஆளுங்களுக்குப் போகும். நான் சொல்றது இல்ல, பெரியதொரை சொல்றது. ஒங்களுக்குச் சில்லறை வேல தாறேன்."

பால் குறைந்தது உண்மை. அளக்கிறவன் நான், எனக்குத் தெரியும். அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது கண்ணில் பொரை விழத் தொடங்கியிருந்தது. ஏழாம் நம்பர் மலையின் அடியில் நாலு நெரை செங்குத்து. ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டவேண்டும். அங்கே போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்.

சில்லறை வேலை என்றால் புல்லு வெட்டுவது, தண்ணீர் ஓடும் கான் வெட்டுவது. இருக்கிற நாளில் இருக்கும், இல்லாத நாளில் இல்லை. வேலை குறைந்தால் செக்ரோலில் பேர் குறையும். பேர் நின்றால் லயக்காம்பராவை யாருக்குக் கொடுப்பது என்று ஒபிஸில் பேச்சு வரும். அத்தையின் வீட்டுக்காரர் செத்து ஒன்பது வருஷம். ஒரே மகள் ரோஷானி ஜோர்தானில் ஒரு கார்மென்டில் தைக்கிறாள். அந்தக் காம்பராவையும், அதற்குள்ளே இருக்கிற அந்தோனியார் படத்தையும், ரோஷானி அனுப்பிய கேஸ் அடுப்பையும் பிடித்துக்கொண்டிருந்தது செக்ரோலில் இருந்த அந்த ஒரு பேர்தான்.

எங்கள் காம்பராவும் அவருடையதும் அடுத்தடுத்து. நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. அன்று சாயங்காலம் ரோஷானி போன் பண்ணியபோது ஸ்பீக்கரில் இரண்டு பேர் குரலும் எங்கள் அடுப்படிக்கு வந்தது.

"அவருக்குப் பேர் என்னம்மா?"

"யாருக்கு?"

"பக்கத்து மலைக்காரருக்கு."

"எனக்கென்ன தெரியும்? எங்கேருந்தோ வந்தவன்."

"நாலு மாசமா தட்டிக்கிட்டு இருக்கீங்க, பேர் தெரியாதா?" ரோஷானி சிரித்தாள். "இங்க எம்பக்கத்து மெசின்காரி மொத ரெண்டு மாசமும் என்னை ஸ்ரீலங்கான்னுதான் கூப்புடுவா. ஏய் ஸ்ரீலங்கா, நூலு எடு. ஏய் ஸ்ரீலங்கா, லைட்டைப் போடு."

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, பெரட்டில் அத்தை கங்காணியிடம் சத்தமாகவே சொன்னார். "இன்னியிலேருந்து நான் தட்ட மாட்டேன் அண்ணே. என் மலையை எடுக்கப் போறவனுக்கு நான் நல்லா இருக்கேன்னு நான் எதுக்குச் சொல்லணும்?"

பின்னால் நின்ற இரண்டு பேர் கை தட்டினார்கள். கங்காணி பேர் எழுதும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பகல் பால் வாளிகளோடு ஸ்டோருக்கு வந்தபோது அத்தையின் முகம் சிவந்திருந்தது. வாளியை இறக்கும் முன்னே தொடங்கிவிட்டார்.

"கத்தியோட வந்து நிக்கிறான் என் நெரையில! மூச்சு வாங்குது. என்னைப் பாக்குறான், மரத்தைப் பாக்குறான், மேல பாக்குறான், கீழ பாக்குறான். எத்தனை மரம் இருக்குன்னு எண்ணிப் பாக்க வந்திருக்கான். இன்னும் மாசம் முடியல, அதுக்குள்ள!"

எங்கள் தோட்டத்தில் மலைக்கு மலை வேலி கிடையாது. வெள்ளைப் பெயின்ட் அடித்த மரம்தான் எல்லை. ஆனால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மரத்தைத் தாண்டி அடுத்தவர் மலைக்குள் யாரும் கால் வைக்கமாட்டார்கள். வைத்தால் அது களவுக்குச் சமம். அண்ணன் தம்பிக்குள்ளேயே அதற்காகப் பேச்சு நின்றிருக்கிறது.

"நீ என்ன சொன்ன?" என்றார் கங்காணி.

"என்ன சொல்ல? வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அவன் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். எழுதிக்கங்க அண்ணே. கொம்ப்ளேன்ட்."

கங்காணி எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை ஒபிஸில் விசாரணை. மொழி பெயர்க்க பவாஸைக் கூப்பிட்டார்கள். பவாஸ் எங்கள் பால் லொறி டிரைவர், பஸாரில் வீடு. பத்து வருஷம் சவூதியின் தம்மாமில் லொறி ஓட்டி ஹிந்தி பழகியவர். அரைமணி நேரத்தில் வெளியே வந்து, "எல்லை தெரியாம வந்துட்டானாம். வார்னிங் குடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னார்.

"இன்னும் ரெண்டு கொம்ப்ளேன்ட் போட்டா ஃப்ளைட் ஏத்திருவாங்க" என்று சதீஸ் சாயங்காலம் பீலிக்கரையில் சந்தோஷப்பட்டான். அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை பகல் ஸ்டோரில் வரிசை. அத்தை முன்னால், எட்டாம் நம்பர்க்காரன் இரண்டு ஆள் தள்ளிப் பின்னால். நான் அத்தையின் பாலை வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தேன். பவாஸ் லொறிப் பலகையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவன் அவரிடம் போய் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டான். பவாஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றான்."

"என்கிட்ட அவனுக்கு என்ன கேள்வி?"

"கை வலியான்னு கேக்குறான்."

"எந்தக் கை?"

"தட்டுற கை."

அத்தை குனிந்து தன் வலது கையைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை சத்தமே வரலயாம். ரெண்டு நெரை பொறுத்துப் பாத்தானாம். மூணாவதுக்கும் வரலன்னதும் நீங்க எங்கயோ விழுந்துட்டீங்கன்னு ஓடியாந்தானாம். வந்து பாத்தா நின்னுக்கிட்டு இருந்தீங்களாம். அப்புறம் நீங்க சொன்னது எதுவும் புரியலயாம்." பவாஸ் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "அதுக்கு அப்புறமும் சத்தம் வரல. அதான் கை வலியான்னு கேக்குறான்."

பால் வடிந்துகொண்டிருந்தது. நான் அளவைப் பார்க்க மறந்து, திரும்ப ஒருமுறை பார்த்தேன்.

"பேர் என்னன்னு கேளு" என்றார் அத்தை.

"பிஜோய்."

"பிள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணுங்களாம். பெரியது எட்டாவது படிக்குதாம்."

"கை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு. புத்திதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லு."

பவாஸ் என்ன சொன்னார் என்று தெரியாது. நீளமாகச் சொன்னார். பிஜோய் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினான். "தீதி" என்று ஏதோ தொடங்கி நிறுத்திக்கொண்டான். தீதி என்றால் அக்கா என்று பவாஸ் சொன்னார்.

சனிக்கிழமை காலை நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். முதல் நெரை. டொக், டொக். அத்தையின் கை இறங்குவதற்குள் பக்கத்து மலையிலிருந்து பதில் வந்துவிட்டது.

திங்கட்கிழமைப் பெரட்டில் ஃபீல்ட் ஓபிசரும் இருந்தார். அத்தை வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றார்.

"மஹத்தயா, நான் போன கிழமை குடுத்த கொம்ப்ளேன்டை எடுத்துர்றேன். அந்த ஆள் களவுக்கு வரல. நான் தட்டாம விட்டேன், அதனால வந்தாரு. தப்பு எம்பேர்ல."

"அன்னிக்கு நீதானே குதிச்ச" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான்தான் குதிச்சேன். அதான் நானே சொல்றேன். நீ வந்தா சொல்லப்போற?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபீல்ட் ஓபிசர், "ஹரி ஹரி" என்று சரி சொல்லிக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார். ஆனால் பால் குறைந்த கதை அப்படியே இருந்தது. மாதம் முடியப் பதினேழு நாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்டோர் வாசலில், பால் ஊற்றி முடித்த பிறகு, பிஜோய் ஈர மண்ணில் குந்தினான். கத்திப்பிடியால் இரண்டு மலை கீறினான். நடுவில் எல்லைக்கோடு. அத்தையின் மலைக்கு அடியில் நாலு வரி போட்டு, அதைத் தன் பக்கம் இழுத்தான். தன் மலையின் உச்சியில், பாதையோரமாகச் சமமாக இருக்கிற நாலு வரியை அத்தை பக்கம் தள்ளினான். நிமிர்ந்து பார்த்தான். பவாஸ் வாயைத் திறக்கவே இல்லை. அத்தை அதற்குள் கங்காணியைக் கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. இப்புடி மாத்தலாமா?"

கங்காணி மண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நாலுக்கு நாலு. மரமும் கிட்டத்தட்டச் சரி. நான் தொரைகிட்டக் கேட்டுப் பெயின்ட் அடிக்கிறேன்" என்றார்.

"சும்மா எடுத்துக்க முடியாது" என்றார் அத்தை பவாஸிடம். "சொல்லு அவர்கிட்ட. அடி நெரையில மூணாவது மரத்துக்குப் பக்கத்துப் பாறையில குளவிக்கூடு இருக்கு. மழை விட்டு வெயில் அடிச்ச அன்னிக்குக் கிட்டப் போகவே கூடாது. கடைசி நெரையில கல்லு உருளும். செருப்போட எறங்க வேணாம். எட்டாம் நம்பர்ல பொந்து விழுந்த மரம் ஒண்ணு இருக்கே, அது மருதாயி ஆழமா வெட்டி வெட்டிக் கெட்டது. அதை ஒரு வருஷம் ஓய்வு விட்டா திரும்பப் பால் தரும்."

பவாஸ் பாதியில், "அக்கா, குளவிக்கு ஹிந்தி என்னன்னு யோசிக்க விடுங்க" என்றார். கடைசியில் கையை மடக்கிக் கொட்டிக் காட்டி விளங்கப்படுத்தினார்.

அந்த மாதம் அத்தையின் பால் கணக்குக்கு மேல் இரண்டு கிலோ வந்தது. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஏழாம் நம்பர் மலை அவரிடமே இருந்தது. பேரும் இருந்தது, காம்பராவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, காலையில் சுட்ட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்ட சம்பலும் ஒரு பார்சல் பிள்ளைக்காம்பராவுக்குப் போகத் தொடங்கியது. அங்கேயிருந்து ஒருநாள் மூங்கில் குருத்துக் கறி வந்தது. அத்தை வாயில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்கு இது?" என்று எங்கள் வீட்டுக்குப் பாதியைக் கொடுத்தார்.

இதை எழுதும்போது என் பங்கையும் சொல்லவேண்டும். அவர்கள் வருவதற்கு முன்பு ஸ்டோரில் பால் போதாமல் கிழமைக்கு மூன்று நாள்தான் மெசின் ஓடியது. எனக்கும் மூன்று நாள்தான் வேலை. எட்டு மலை திரும்பத் திறந்ததும் ஆறு நாளும் ஓடியது. றப்பர் சீட் கழுவ இரண்டு பெண்களையும், அதை உலர்த்தும் புகைக்கூட்டுக்கு ஒரு ஆளையும் எங்கள் லயத்திலேயே எடுத்தார்கள். புகைக்கூட்டுப் புகை தினமும் எழும்பியதைப் பார்த்து முதல் வாரம் பீலிக்கரையில் யாரும் வாய் திறக்கவில்லை. பயந்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நாள் எடுத்தது.

எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. சதீஸ் சொன்னது சரியாகவே போனது. ஞாயிறு, போயா கைக்காசு அவனுக்கு முழுதாக நின்றது. புகைக்கூட்டு வேலைக்குக் கேட்டான். செக்ரோலில் பேர் இருந்தவர்களுக்கே கொடுத்தார்கள். இப்போது அவிசாவளைப் பக்கம் ஒரு கல்லுக் குவாரியில் இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். பிள்ளைக்காம்பரா வாசலால் வராமல் மேல் ரோட்டால் சுற்றி வருவான். அவனிடம் போய், வந்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும் என்ற பேச்சை என்னால் எடுக்கமுடியாது.

இந்த வருஷம் மாசியில் காண்ட்ராக்ட் முடிந்து ஐந்து பேர் ஊருக்குப் போனார்கள். பிஜோய் அதில் ஒருத்தன். மூன்று பேரை மட்டும் இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொண்டார்கள்.

அவன் போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அத்தையின் ஒட்டுப்பால் பை மெலிந்து வருவதை நான் கவனித்தேன். கோட்டில் காய்ந்து வருகிற அந்த நூலெல்லாம் ஒட்டுப்பால் என்று தோட்டத்துக்குச் சேரவேண்டியது; நிறுத்து வாங்க வேண்டியவன் நான். நான் நிறுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. போகிற அன்று காலை வேன் நின்ற இடத்துக்கு அத்தை இரண்டு பந்துகளோடு வந்தார். நூல் நூலாகச் சுற்றி, ஆரஞ்சுப் பழம் அளவுக்கு, இறுக்கமாக. ஒன்றைக் கீழே போட்டுக் காட்டினார். இடுப்புயரத்துக்கு எழும்பியது.

"பொண்ணுங்களுக்கு" என்றார்.

"ஏர்போட்ல இதை வெடிகுண்டுன்னு புடிக்கப்போறானுங்க அக்கா" என்றார் பவாஸ்.

"புடிச்சா கீழ போட்டுக் காட்டச் சொல்லு."

பிஜோய் பந்துகளை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தான். கைப்பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறினான். வேன் வளைவில் திரும்பும்போது தகரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது. அத்தை பக்கத்திலிருந்த பலாமரத்தில் வெறுங்கையால் தட்டினார். அது யாருக்கும் கேட்டிருக்காது.

எட்டாம் நம்பரை இப்போது அவனுடைய கூட்டாளி ஒருத்தன் வெட்டுகிறான். போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கவேண்டும்; அவனும் தட்டுகிறான். அத்தையின் கண்ணுக்குக் கேகாலை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் போன அடுத்த கிழமை பால் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பவாஸ் தானாகச் சொன்னார். அத்தையின் கொம்ப்ளேன்டுக்கு அன்றைக்கு ஒபிஸில் நடந்த விசாரணையை வெளியே பேசவேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். இப்போது ஆளே போய்விட்டதால் பரவாயில்லை என்றார்.

"எல்லை தாண்டுனதைப் பத்தி ரெண்டே கேள்விதான். வழி தவறிருச்சுன்னான், விட்டுட்டாங்க. அப்புறம் பெரியதொரை கேட்டாரு, ஏழாம் நம்பரையும் சேத்து எடுத்துக்கிறியா, எடுத்தா இப்பவே மூணாவது வருஷத்துக்கும் சைன் வைக்கிறேன்னு. வேணாம்னுட்டான். ஏன்டான்னாரு. அந்த மலையில ஆள் இருக்குன்னான். அந்தப் பொம்பளை முழு மலையும் வெட்டுதா, அடி நெரையை விட்டுட்டு வருதா, பக்கத்துல நிக்கிறவன் நீதானே, சொல்லுன்னாரு. ஒரு நெரை விடாம வெட்டுதுங்க, ஒவ்வொரு நெரைக்கும் தட்டுறது எனக்குக் கேக்குது, இன்னிக்குக் காலையிலகூடக் கேட்டுச்சுன்னான். அப்புடியே மாத்திச் சொன்னேன். தொரை வேற கேள்வி கேக்கல."

விசாரணை நடந்தது புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை காலை நான் குறுக்குப்பாதையால் வந்தேன். ஏழாம் நம்பர் மலையில் ஒரு தட்டும் கேட்கவில்லை.